பாலாநகர் வரை ஒரு மாத்திரை

கசகசாவை அரைத்துக் குருமாவில் சேர்க்கிற நம்மில் பெரும்பாலோர் அந்தச் செடியைப் பார்த்ததில்லை. பார்க்க வேண்டுமானால் பிப்ரவரி மாதம் மத்தியப் பிரதேசத்தின் மந்த்சௌர், நீமச் பக்கமோ ராஜஸ்தானின் சித்தோர்கர் பக்கமோ போக வேண்டும். பூ உதிர்ந்து, காய்கள் பச்சையாக நிற்கும் நேரம் அது. வெயில் சாயும்போது, சேர்த்துக் கட்டிய மெல்லிய கத்திமுனைகளால் காயின் தோலை மேலோட்டமாகக் கீறுவார்கள். கீறல் ஆழமாக விழுந்தால் பால் காய்க்குள்ளேயே இறங்கி வீணாகிவிடும். பதமாகக் கீறினால் இரவெல்லாம் பால் கசிந்து, விடிவதற்குள் பழுப்புப் பிசினாக இறுகும். மறுநாள் வெயில் ஏறுமுன் அதை வழித்தெடுத்துவிட வேண்டும். ஒரே காயை இடைவெளி விட்டு மூன்று நான்கு முறை கீறுவதுண்டு. அந்தப் பிசின்தான் அபின். காய் உலர்ந்த பிறகு உள்ளேயிருந்து கொட்டுகிற விதை, கசகசா என்ற பெயரில் மளிகைக்கடைக்கு வருகிறது.

என் பெரியப்பா கடைசிக் காலத்தில் சாப்பிட்ட வெள்ளை மாத்திரை இப்படியொரு வயலில்தான் தொடங்கியது. நாசரேத் பக்கத்துக் கிராமத்திலிருந்து 1960-களின் இறுதியில் ஹைதராபாத் வந்து, பாலாநகர் ஐடிபிஎல் மருந்துத் தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் சேர்ந்தவர் அவர். ஒரு பொருள் எங்கிருந்து வந்தது, எத்தனை கை மாறியது என்று தெரியாமல் எதையும் கையெழுத்துப் போட்டு வாங்கியதில்லை. அதனால் அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது, அவருக்கு நிம்மதி கொடுத்த மாத்திரை வந்த வழியை விசாரித்து எழுதுவதுதான் முறை என்று பட்டது.

அபின் பயிரிட மத்திய அரசின் உரிமம் வேண்டும். உரிமம் கொடுப்பது குவாலியரைத் தலைமையிடமாகக் கொண்ட மத்தியப் போதைப்பொருள் பணியகம். மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மூன்று மாநிலங்களில், அறிவிக்கப்பட்ட பகுதிகளுக்கு மட்டுமே அனுமதி. வயலை அதிகாரிகள் வந்து அளப்பார்கள். எடுத்த அபின் முழுவதையும் அரசிடமே ஒப்படைக்க வேண்டும். அண்மைக் காலக் கொள்கைப்படி எக்டேருக்கு 4.2 கிலோ மார்ஃபின் தேறாத விவசாயிக்கு அடுத்த பருவத்து உரிமம் சந்தேகம்தான். வயலில் கிளிகள் வேறு காயைக் கொத்தித் தின்னும். அவற்றை விரட்டப் பகலெல்லாம் ஒருவர் காவல் இருக்க வேண்டும்.

எடை போட்ட அபின் இரண்டு அரசு ஆலைகளுக்குப் போகிறது. ஒன்று உத்தரப் பிரதேசத்தின் காஜிபூரில் இருக்கிறது. சீனாவுக்கு அபின் விற்றுக் கொழித்த கிழக்கிந்தியக் கம்பெனி 1820-ல் தொடங்கியது அது. இன்னொன்று நீமச்சில், 1933-ல் வந்தது. அபினின் எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு மார்ஃபின். அதை முதலில் தனியாகப் பிரித்தெடுத்தவர் ஜெர்மனியின் பாடர்போர்ன் ஊரில் மருந்துக்கடை உதவியாளராக வேலை பார்த்த ஃபிரெட்ரிக் செர்ட்யூர்னர். 1804, 1805 வாக்கில் அதைச் செய்தபோது அவருக்கு வயது இருபதைத் தாண்டி ஒன்றிரண்டுதான் இருக்கும். தாவரத்திலிருந்து மருந்தின் சாரத்தை மட்டும் படிகமாகப் பிரிக்கலாம் என்று உலகத்துக்குக் காட்டியது அந்த வேலை. இன்றைய மருந்துத் தொழில் முழுவதற்கும் அது ஒரு தொடக்கப் புள்ளி.

இங்கே வரைக்கும் கதை நேராகப் போகிறது. இதற்குப் பிறகுதான் தடை.

இந்தியா உலகத்துக்கே அபின் பிசினைச் சட்டப்படி விளைவித்து ஏற்றுமதி செய்யும் நாடு. அமெரிக்க மருந்து நிறுவனங்கள் இறக்குமதி செய்யும் அபின் மூலப்பொருளில் குறைந்தது 80 விழுக்காட்டை இந்தியா, துருக்கி இரண்டு நாடுகளிலிருந்தே வாங்க வேண்டும் என்று அந்நாட்டு அரசு 1981-ல் விதியே வகுத்தது. அங்கே அறுவைச் சிகிச்சை முடிந்து படுத்திருப்பவரின் வலி மந்த்சௌர் விவசாயியின் உழைப்பில் அடங்கியது. இங்கேயோ 1985-ல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தது. போதைக் கடத்தலை ஒடுக்கக் கொண்டுவந்த சட்டம், பல குற்றங்களுக்குக் குறைந்தபட்சமே பத்தாண்டுக் கடுங்காவல் என்றது. மார்ஃபினை வைத்திருக்க ஓர் உரிமம், கொண்டுபோக ஓர் உரிமம், மாநில எல்லையைத் தாண்ட இன்னோர் உரிமம். எல்லாம் ஒரே சமயத்தில் காலாவதியாகாமல் கையில் இருக்க வேண்டும். கலால் துறைக்கு ஒரு நடை, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு ஒரு நடை. ஏட்டில் ஒரு எண் பிசகினால் ஜெயில் என்ற பயத்தில் மருந்துக் கடைகள் ஒவ்வொன்றாக அந்தச் சரக்கை நிறுத்தின. 1997-ல் இந்த மொத்த தேசத்தின் மருத்துவ மார்ஃபின் பயன்பாடு வெறும் 18 கிலோவுக்கு இறங்கியது. சட்டம் வருவதற்கு முன்பிருந்ததோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ 97 விழுக்காடு சரிவு. மார்ஃபின் மாத்திரையைக் கண்ணாலும் பார்க்காமலேயே ஒரு தலைமுறை மருத்துவர்கள் படித்து முடித்து வெளியே வந்தார்கள்.

இந்த முடிச்சை அவிழ்க்கத் தொடங்கிய இடம் கோழிக்கோடு. மயக்க மருந்து நிபுணர் டாக்டர் எம்.ஆர்.ராஜகோபாலும் அவருடைய நண்பர்களும் 1993-ல் அங்கே வலித் தணிப்புச் சங்கத்தைத் தொடங்கினார்கள். வீட்டில் படுத்திருக்கும் நோயாளிக்கு வாய்வழி மார்ஃபின் கொடுக்கலாம், அது தெருவுக்குக் கசியாது என்பதை வருடக்கணக்கில் கணக்கு வைத்துக் காட்டினார்கள். 1998-ல் மத்திய அரசு, விதிகளை எளிதாக்கும்படி மாநிலங்களுக்கு எழுதியது. எழுதியதோடு சரி, பல மாநிலங்கள் அசையவில்லை. 2009-ல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு வெளியிட்ட அறிக்கை இந்தியப் புற்றுநோயாளிகளின் வலியைப் பற்றியே தனியாகப் பேசியது. கடைசியில் 2014-ல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. மார்ஃபின் உள்ளிட்ட ஆறு மருந்துகள் அத்தியாவசியப் போதை மருந்துகள் என்ற தனிப் பட்டியலில் சேர்ந்தன. நாலைந்து உரிமங்களின் இடத்தில், மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி கொடுக்கும் ஒரே அங்கீகாரம் போதும் என்றாயிற்று.

பெரியப்பாவுக்கு வலி வந்தது இந்தத் திருத்தத்துக்குப் பிறகு. அந்த வகையில் அவர் கொடுத்து வைத்தவர்.

*

பாலாநகரைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ஹைதராபாத்தின் வடமேற்கில், லேத் பட்டறைகளும் விமானக் கருவித் தொழிற்சாலையும் நெருக்கியடிக்கும் பகுதி அது. சோவியத் உதவியோடு 1961-ல் உருவான ஐடிபிஎல் மூன்று ஊர்களில் ஆலை போட்டது. ரிஷிகேஷில் ஆன்டிபயாடிக், சென்னை நந்தம்பாக்கத்தில் அறுவைக் கருவிகள், பாலாநகரில் செயற்கை மருந்துகள். பின்னாளில் டாக்டர் ரெட்டீஸ் நிறுவனத்தைத் தொடங்கிய அஞ்சி ரெட்டி வேலை பழகியது இந்த வளாகத்தில்தான். அவரைப் போல இன்னும் பலர் இங்கே கற்றுக்கொண்டு போய் ஜீடிமெட்லாவிலும் சுற்றுப்புறத்திலும் மருந்து ஆலை வைத்தார்கள். ஹைதராபாத் மருந்து நகரமானது அப்படித்தான். தாய் நிறுவனமோ 1992-ல் நலிந்த நிறுவனம் என்று அறிவிக்கப்பட்டது. அதை மூடுவதென்று 2016 டிசம்பரில் மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது. அதற்கு வெகு முன்பே பெரியப்பா விருப்ப ஓய்வில் வந்துவிட்டார்.

வேலை அவர் வாழ்க்கையில் பாதி. மீதிப் பாதி வீடும் சபையும். சம்பளக் கவர் வந்ததும் முதலில் தசமபாகத்தை எடுத்து வைப்பார். அடுத்து ஊரிலிருக்கும் அம்மாவுக்கு மணியார்டர், அதற்கடுத்துப் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம். மிஞ்சியதில் குடும்பம். ஞாயிற்றுக்கிழமை பெரியம்மாவையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு ஆர்டிசி பஸ் பிடித்துச் செகந்திராபாத் தமிழ் ஆராதனைக்குப் போய்விடுவார். மழையோ பந்தோ காரணமில்லை. ராத்திரி ஒன்பது மணிக்குக் குடும்ப ஜெபம். ஆளுக்கொரு வசனம் தமிழில் வாசித்தாக வேண்டும். தெலுங்கும் இங்கிலீஷும் படித்த பேரப்பிள்ளைகள் எழுத்துக்கூட்டித் தடுமாறும்போது அவர் திருத்த மாட்டார். விரலைப் புத்தகத்தில் வைத்துக்கொண்டு, அவர்களாகச் சேர்த்து வாசிக்கும்வரை காத்திருப்பார். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்க வந்தது இப்படித்தான்.

புராஸ்டேட் புற்றுநோய் என்று தெரிந்து சில வருடங்கள் சமாளித்தார். அது முதுகெலும்புக்கும் இடுப்புக்கும் பரவியதும் சமாளிப்பு முடிந்தது. எலும்பு வலி படுக்கவும் விடாது, உட்காரவும் விடாது. முதலில் பார்த்த ஒரு தனியார் மருத்துவமனையில் பாராசிட்டமாலும் ஊசியும் எழுதிக் கொடுத்து, வயசுக்கு இதற்குமேல் கொடுக்க எதுவும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். மருந்து செய்யும் ஊரில், மருந்து ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவருக்கு மருந்து இல்லை.

குடும்ப ஜெபம் முதல்முறையாக நின்றது அப்போதுதான். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். ஒருநாள் பேரன் வசனம் வாசிக்கத் தொடங்கியதும், "போதும்ல, நிறுத்து" என்று கத்தினார். அதற்குப் பிறகு நெடுநேரம் அவரே அழுதார். வலியைவிட அந்தச் சொல் அவரை அதிகம் வாட்டியது.

ரெட் ஹில்ஸ் எம்.என்.ஜே. புற்றுநோய் மருத்துவமனைக்குப் போகும்படி சொன்னது சபையில் இருந்த ஒரு நர்ஸ். மெஹ்தி நவாஸ் ஜங் பெயர் தாங்கி 1950-களிலிருந்து நடக்கும் அரசு மருத்துவமனை அது. நோய்த் தணிப்புக்கென்று தனிப் பிரிவு வைத்திருக்கிறார்கள். அங்கே மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "பூஜ்யத்திலிருந்து பத்துக்குள்ள உங்க வலிக்கு எத்தனை மார்க்?" ஒன்பது என்றார் பெரியப்பா. எலும்பு வலிக்கு ஒரே தடவை கதிர்வீச்சும், வாய்வழி மார்ஃபினும் எழுதினார்கள்.

காஜிபூர், நீமச், மாத்திரை ஆலை, உரிமம், மருத்துவமனை என்று இத்தனை தாண்டிய மாத்திரை, பாலாநகர் வீட்டின் மேசைமேல் வந்து தொடப்படாமல் கிடந்தது.

பெரியம்மா கேட்டது எல்லாக் குடும்பமும் கேட்பது. "இது அபின்தானே? பழகிட்டா விட முடியாதாமே? இதைக் கொடுத்தா சீக்கிரம் முடிஞ்சிரும்னு சொல்லுதாங்களே?" பெரியப்பாவின் மகனான அண்ணன், மருத்துவரிடம் கேட்டுவந்து விளக்கினான். வலி இருக்கிற உடம்பில் வலிக்குத் தக்க அளவு கொடுத்தால் அது போதையாக ஏறுவதில்லை. குறைக்க வேண்டி வந்தால் படிப்படியாகக் குறைக்கலாம். சரியான அளவு ஆயுளைக் குறைக்காது. கண்டிப்பாக வருவது மலச்சிக்கல் ஒன்றுதான். அதற்குத்தான் கூடவே இன்னொரு மாத்திரை.

பெரியப்பாவின் மறுப்பு வேறு வகை. அவருக்கு அடிமையாகிற பயமில்லை. "சிலுவையில் அறையறதுக்கு முந்தி வெள்ளைப்போளம் கலந்த திராட்சரசத்தைக் கொடுத்தாங்க. மயக்கத்துக்குத்தான் கொடுக்கறது. அவர் வாங்கலியே. நான் மட்டும் வாங்கலாமா?" என்றார். மாற்கு எழுதின சுவிசேஷத்தில் உள்ள இடம் அது. எங்கள் யாருக்கும் பதில் தெரியவில்லை.

இந்தக் கேள்வி அவருக்கு முன்பே பலருக்கு வந்திருக்கிறது. 1957 பிப்ரவரியில், மயக்க மருந்து மருத்துவர்கள் எழுப்பிய கேள்விகளுக்குப் பன்னிரண்டாம் பயஸ் போப் விரிவாகப் பதில் சொன்னார். வலியைத் தணிக்க மருந்து வாங்குவது விசுவாசத்துக்கு விரோதமில்லை, வேறு வழி இல்லாதபோது அதனால் ஆயுள் குறைய நேர்ந்தாலும் அது பாவமாகாது என்பது அவர் நிலை. அதே காலத்தில் லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் என்ற பெண் மருத்துவர், சாகும் நிலையில் இருப்பவர்களுக்கு வலி வந்த பிறகு மருந்து கொடுக்கிற வழக்கத்தை மாற்றினார். கடிகாரத்தைப் பார்த்து, வலி தலைதூக்குமுன்பே கொடுக்க வேண்டும் என்று கணக்கோடு நிறுவினார். அவர் ஆழ்ந்த கிறிஸ்தவ நம்பிக்கை உள்ளவர். 1967-ல் அவர் தொடங்கிய புனித கிறிஸ்டோபர் இல்லம் உலகமெங்கும் இந்த மருத்துவத்துக்கு முன்மாதிரி. உடம்பு வலியோடு மன வலி, குடும்பக் கவலை, கடவுளைப் பற்றிய கலக்கம் எல்லாம் ஒன்றாகப் பின்னிக் கிடக்கும் என்றும் அவர்தான் மருத்துவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்.

பெரியப்பாவுக்கு இதெல்லாம் தெரியாது. அவருக்குப் பதில் சொன்னது வீட்டுக்கு வந்த சபைப் போதகர், எங்கள் வழக்கில் ஐயர். ஜெபம் பண்ணிவிட்டு, நல்ல சமாரியன் கதையைக் கையிலெடுத்தார். "அடிபட்டுக் கிடந்தவன் காயத்துல எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் கட்டினான். பொறுத்துக்கோன்னு சொல்லிட்டுப் போனது அவன் இல்ல, அவனுக்கு முன்னால போன ரெண்டு பேர். உங்களை யாரும் சிலுவை சுமக்கச் சொல்லல அண்ணாச்சி. நீங்க காயம்பட்டுக் கிடக்கறவரு. கட்டுப்போட வந்தவங்களைத் தடுக்காதீங்க." பெரியப்பா நெடுநேரம் பேசவில்லை. பிறகு பேரனைக் கூப்பிட்டுத் தண்ணீர் கேட்டார்.

*

முதல் மாத்திரையோடு அவர் கேட்ட இன்னொரு பொருள், நீள நோட்டு. ஸ்டோர்ஸ்காரர் இல்லையா. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார். தேதி, நேரம், முன்னிருப்பு, வழங்கியது, மீதி, குறிப்பு. மருத்துவர் சொன்ன நேரம் காலை ஆறு, பத்து, மதியம் இரண்டு, மாலை ஆறு, இரவு பத்து. நடுராத்திரி எழுப்பாமல் இருக்க, பத்து மணிக்கு மட்டும் இரட்டை அளவு. அந்த அட்டவணையைப் பார்த்துச் சிரித்தார். ஆறு, இரண்டு, பத்து என்பது அவர் வாழ்நாள் முழுக்கக் கேட்ட ஷிஃப்ட் சங்கு நேரம். "கடைசியில மறுபடியும் டூட்டிக்கு எடுத்துட்டாங்க" என்றார்.

முதல் வாரத்தின் குறிப்புக் கட்டத்தில் வெறும் எண்கள்தான். வலி 8, வலி 7, வாந்தி, வலி 6. பத்து மணி மாத்திரைக்கு எதிரே ஒருநாள் "தூங்கினேன்" என்று இருக்கிறது. வலி மூன்றுக்கு இறங்கிய பிறகு, அந்தக் கட்டத்தில் வலிக்குச் சம்பந்தமில்லாத விஷயங்கள் வரத் தொடங்கின. பேரன் கணக்குப் பரீட்சை. கரன்ட் பில் கட்டியாயிற்று. தங்கச்சிக்கு போன் பண்ணினேன். ஜெபம் நடந்தது. "ஜெபம் நடந்தது" என்ற வரி அதற்குப் பிறகு அநேகமாக எல்லா நாளிலும் உண்டு. எண்ணைக் கேட்டுத்தான் மருத்துவர் மருந்தின் அளவைக் கூட்டினார், குறைத்தார். ஆனால் மருந்து என்ன வேலை செய்தது என்பதற்குச் சாட்சி எண் அல்லாத குறிப்புகள்தான். வலி போன இடத்தில் வேறொன்றும் புதிதாக வந்து உட்காரவில்லை. முன்பு இருந்த மனிதர்தான் திரும்பி வந்தார், சிக்கனத்தோடும் பிடிவாதத்தோடும்.

மாத்திரை வாங்க அண்ணன் பாலாநகர் ஸ்டேஷனில் மெட்ரோ ஏறி லக்டிகாபுலில் இறங்குவான். நர்சாபூர் சௌரஸ்தாவில் மேம்பால வேலை நடந்த சமயம், ரோட்டில் போனால் பாதி நாள் போய்விடும். மருத்துவச் சீட்டின் நகலைச் சட்டைப் பையில் தயாராக வைத்திருப்பான். அபின் சம்பந்தப்பட்ட சரக்கு, யாராவது நிறுத்திக் கேட்டால் என்ன செய்வது என்று அவனுக்கும் பயம். யாரும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் பெரியப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பட்டைகளை எண்ணி, சீட்டோடு ஒப்பிட்டு, வரவில் எழுதி, கீழே சுருக்கொப்பம் போடுவார். கை நடுங்கத் தொடங்கிய பிறகு பேரன் எழுதினான். கோடு மட்டும் தாத்தாவே போட்டார்.

மாத்திரையின் விலையை இங்கே சொல்ல வேண்டும். ஒரு மாத்திரைக்குச் சில ரூபாய்தான். பேடன்ட் கிடையாது, இறக்குமதி கிடையாது, விளைவதும் வடிப்பதும் நம் நாட்டில். வழியில் அதை மறித்ததெல்லாம் ஒவ்வொரு கையிலும் இருந்த பயம். அதிகாரிக்குக் கடத்தல் பயம், கடைக்காரருக்கு ஜெயில் பயம், மருத்துவருக்குப் பழகாத மருந்து என்ற பயம், பெரியம்மாவுக்குப் போதை பயம், பெரியப்பாவுக்குக் கர்த்தரிடம் குறைந்துபோவோமோ என்ற பயம். சட்டத்தின் பயத்தைத் தீர்க்க முப்பது வருடம் பிடித்தது. ஐயர் தீர்த்தது ஒரு சாயங்காலத்தில். இரண்டில் ஏதாவது ஒன்று நடக்காமல் போயிருந்தாலும் மாத்திரை அவர் வாய்க்குப் போய்ச் சேர்ந்திருக்காது.

அவர் இறந்தது டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு முந்திய வாரம். கடைசி இரண்டு நாள் விழுங்க முடியாமல், மருத்துவக் குழு சொல்லிக் கொடுத்தபடி தோலுக்கடியில் ஊசியாகப் போட்டார்கள். ஒன்பது மணி ஜெபத்துக்குப் பிள்ளைகள் சுற்றி நின்று வாசித்தபோது அவருக்கு நினைவு இருந்தது.

மிச்சமிருந்த மாத்திரைகளை வீட்டில் வைத்திருக்கக் கூடாது. அண்ணன் நோட்டின் மீதியையும் பட்டையையும் ஒப்பிட்டான். சரியாக இருந்தது. அப்படியே ரெட் ஹில்ஸுக்குக் கொண்டுபோய் ஒப்படைத்து, அங்கே ஏட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தான். ஐடிபிஎல் ஸ்டோர்ஸில் கணக்கு இப்படித்தான் முடியும். மீதி பூஜ்யம் என்று நோட்டில் எழுதினான்.

ஜனவரியில் நினைவு ஆராதனை. வந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து பேசினார்கள். தசமபாகம் தவறாதவர், பிள்ளைகளை வேதத்தில் வளர்த்தவர் என்றார்கள். எல்லாம் உண்மை. ஒருவர், "எவ்வளவு வலியையும் முணுமுணுக்காமல் சகித்தார், அதுவே நமக்குச் சாட்சி" என்று முடித்தார். முன்வரிசையில் இருந்த பெரியம்மா எழுந்தார். சபையில் அவர் எழுந்து பேசி யாரும் பார்த்ததில்லை.

"அப்படிச் சொல்லாதீங்க. அவுக சகிக்கல. சகிக்க முடியாம கத்தினாக, எங்கிட்டயும் பேரன்கிட்டயும் கோவப்பட்டாக. பொறவு மார்ஃபின் மாத்திரை சாப்பிட்டாக. அதுக்கப்புறந்தான் ஜெபம் பண்ணினாக. அதையும் சேத்துச் சொல்லுங்க."

ஆராதனை முடிந்து வெளியே டீ கொடுத்துக்கொண்டிருந்தபோது ஜீடிமெட்லாவிலிருந்து வந்திருந்த ஒருவர் பெரியம்மாவிடம் தயங்கித் தயங்கி வந்து, தன் அம்மாவுக்கும் அதே மாதிரி எலும்பில் இறங்கிவிட்டது, ராத்திரியெல்லாம் கத்துகிறார் என்றார். பெரியம்மா அண்ணனைக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிப் பெயரையும், எந்தப் பிரிவு என்பதையும், லக்டிகாபுலில் இறங்கிப் போக வேண்டிய வழியையும் எழுதிக் கொடுக்கச் சொன்னார். எழுதி முடித்ததும் காகிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "மலச்சிக்கலுக்கும் கேட்டு வாங்கிக்கச் சொல்லு. அதை மறந்துருவாங்க" என்றார்.